4,800 ரூபாய் நடைச் சப்பாத்து: தார் ரோட்டுக்கு நல்லது, கிரவலுக்கு யோசியுங்கள்

முதலில் தீர்ப்பு, பிறகு கதை. தார் ரோட்டிலும் குளக்கட்டிலும் நடக்கிறவர்களுக்கு இந்தச் சப்பாத்து கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். கிரவல் ரோட்டில் வீடு உள்ளவர்கள், அதாவது வன்னியில் எங்களில் பாதிப் பேர், வாங்குவதற்கு முதல் மிச்சத்தையும் வாசியுங்கள். மாரிக்கு இதை நம்பவே வேண்டாம்.

எந்தச் சப்பாத்து என்று கேட்பீர்கள். கிளிநொச்சிச் சந்தைக்குக் கிட்ட உள்ள கடைகளில் 'வோக்கிங் சூ' என்று சொல்லித் தூக்கிக் காட்டுவார்களே, சாம்பல் நிற வலைத்துணி, தடித்த வெள்ளை அடி, குதிக்கால் பக்கத்தில் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னுகிற ஒரு பட்டி, அதுதான். கொம்பனிப் பெயர் எழுதலாம் என்று பார்த்தால் பெட்டியில் ஒரு பெயர், சப்பாத்தின் நாக்கில் இன்னொரு பெயர், அடியில் பெயரே இல்லை. அடுத்த தடவை சாமான் இறங்கும்போது மூன்றாவது பெயரோடு வரும், அதனால் பெயரைத் தேடிப் பிரயோசனம் இல்லை, உருவத்தைப் பார்த்து அடையாளம் காணுங்கள். 5,200 சொன்னார்கள், பேசி 4,800க்கு வாங்கினேன். இன்னும் குறைத்திருக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா, அவ எதை வாங்கினாலும் அப்படித்தான் சொல்லுவா.

நான் படிப்பிக்கிற ஆள், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிளினிக்கில் சீனி எல்லையில் நிற்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், நடந்து பாருங்கள் என்றார்கள். எவ்வளவு நடப்பது என்றால் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குத்தான், வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை, நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும் ஆனால் பாட்டுப் பாட மூச்சு காணக்கூடாது, அந்த வேகம். நாளுக்கு அரை மணித்தியாலம் நடந்தால் ஐந்து நாளில் 150 வந்துவிடும். அதைவிட, சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டோடு ஏறுகிற சீனியை வேலை செய்கிற தசைகள் இழுத்துக்கொள்ளும், அதனால் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு வளவுக்குள்ளாவது நடவுங்கள் என்றார்கள். காலமை இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு பிட்டு என்று மூன்று வேளையும் மாச்சத்தாகவே சாப்பிடுகிற எங்களுக்கு இந்த இரண்டாவது அறிவுரைதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் அதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை.

சரி, நடக்கச் சப்பாத்து எதற்கு, செருப்புக் காணாதா என்றால், மெதுவாக நடக்கக் காணும். வேகமாக எட்டி வைத்தால் செருப்புக் கழராமல் இருக்க விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த இழுவை பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் போய்விடும். காலமை கட்டிலை விட்டு இறங்கும்போது குதிக்காலில் ஊசி குத்துகிற வலி வருகிறது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே பலர். தட்டையான ரப்பர்ச் செருப்போடு சீமெந்துத் தரையில் நாள் முழுக்க நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

மாமிக்கு இதெல்லாம் பகிடி. அவர் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டத்தோடு முல்லைத்தீவுக் கரையால் இறங்கி நடந்தவர், அதுவும் வெறுங்காலோடு. "காட்டுக்குள்ளால வெறுங்காலோட போனனாங்கள், நீ சந்திக்குப் போறதுக்குச் சப்பாத்தோ பிள்ளை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவருடைய கால் சின்ன வயதிலிருந்து வயலிலும் வரம்பிலும் நடந்து உரமேறிய கால், அதோடு அவருக்குச் சீனி வருத்தம் இல்லை. சீனி கனகாலம் கூடி நின்றால் பாதத்தின் நரம்பு மரத்துவிடும், முள் ஏறினாலும் கல் வெட்டினாலும் தெரியாது, காயம் பழுதான பிறகுதான் ஆள் வைத்தியசாலைக்குப் போவார். அப்படிப்பட்டவர்கள் நேர்த்திக்கடன் என்றாலும் வெறுங்காலோடு நடப்பதற்கு முதல் வைத்தியரோடு கதைக்க வேண்டும் என்று மாமியிடமே சொன்னேன். அம்மன் பார்த்துக்கொள்வா என்றார். அதற்கு மேல் நான் கதைக்கவில்லை.

இனிச் சப்பாத்துக்கு வருவோம். கையில் எடுத்தால் பாரமே இல்லை. அடி முழுவதும் ஈவிஏ என்கிற நுரை ரப்பர், அதன் கீழே தேய்கிற இடங்களில் மட்டும் கறுப்பு ரப்பர்த் துண்டுகள் ஒட்டியிருக்கும். விலை குறைந்த சோடிகளில் அந்தக் கறுப்புத் துண்டே இருக்காது, வெறும் நுரை நேரே ரோட்டில் தேயும், ஆகவே வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள், அது இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குதிக்காலைப் பிடிக்கிற பகுதி விறைப்பாக இருக்கிறது, விரலால் அமத்தினால் சட்டென்று மடியவில்லை, அது நல்ல அடையாளம். முன்பக்கம் அகலம். எங்கள் ஆட்களின் கால் விரல்கள் செருப்புப் போட்டுப் போட்டு விரிந்தவை, கூர் மூக்குச் சப்பாத்து நடைக்குச் சரிவராது. போட்டுப் பார்க்கிறபோது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். கடைக்குப் பின்னேரம் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நடக்கும்போதும் அந்த அளவுக்குத்தான் வரும். கடைப் பொடியன் "போடப் போடச் சரியா வரும் அக்கா" என்பான். வராது. கடையிலேயே நாலு எட்டு நடந்து பார்த்து, கடித்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஏ9 ரோட்டில் இதோடு நடப்பது சுகம். கால் தானாக எட்டி வைக்கிறது, முழங்காலுக்கு அதிர்ச்சி போவது குறைவு. அந்த மின்னுகிற பட்டியை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும், ஆனால் விடியற்புறம் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடுகிற பஸ்கள் ஒன்றை ஒன்று முந்துகிற ரோட்டில் அது உயிர் காக்கிற சாமான். பட்டி பின்னால் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ரோட்டின் வலப்பக்கமாக, வாகனங்களைப் பார்த்தபடி நடவுங்கள் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம், அப்படி நடக்கிறபோது எதிரே வருகிற சாரதிக்கு உங்கள் குதிக்கால் தெரியாது. வெள்ளைச் சட்டையோ கையில் ஒரு சின்ன லைட்டோ இருந்தால் நல்லது.

லீவு நாட்களில் இரணைமடுக் கட்டுக்குப் போவேன். இந்தச் சப்பாத்து எங்கே மிக நன்றாக உழைக்கிறது என்று கேட்டால் அங்கேதான். நூறு வருடம் தாண்டிய குளம், கட்டின் மேலே இறுகிய மட்டமான மண், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல். தாருக்கு இருக்கிற கடினமும் இல்லை, மணலில் கால் புதைகிற கரைச்சலும் இல்லை. நுரை அடிக்கு ஏற்ற தரை என்றால் இதுதான். சோளகம் அடிக்கிற காலத்தில் காற்றை எதிர்த்து ஒரு முறை நடந்தால் அதுவே தனி உடற்பயிற்சி. ஒன்று மட்டும், கட்டின் சரிவில் கல் அடுக்கியிருக்கிற பக்கம் இறங்க வேண்டாம், இந்த அடி ஈரக் கல்லில் வழுக்கும். புல் வளர்ந்த பக்கத்தில் கண்ணாடிப் புடையன் கிடக்கும், பொழுதுபட்ட பிறகு லைட் இல்லாமல் போகவே கூடாது. புடையன் பெரும்பாலும் கணுக்காலுக்குக் கீழேதான் கடிக்கும், அந்தக் கணக்கில் செருப்பை விடச் சப்பாத்து மேல். ஆனால் வலைத்துணியைப் பல்லுக்குத் தடை என்று நினைத்துவிடாதீர்கள்.

கிரவல் ரோட்டுக்கு வருவோம், என் முறைப்பாடு முழுவதும் இங்கேதான். எங்கள் ஒழுங்கை சிவப்புக் கிரவல், மழைக்குப் பிறகு மண் கழுவிப் போய்க் கல் மட்டும் எழும்பி நிற்கிற ரகம். அடியில் வெட்டியிருக்கிற கோடுகளுக்குள் சின்னக் கல் போய் இறுகிக்கொள்ளும், சீமெந்தில் மிதித்தால் கீச் கீச் என்று சத்தம், ஊர் நாய் முழுவதும் எழும்பும். நாய்களைப் பற்றியே தனியாக எழுதலாம், வன்னியில் நடைக்குத் தடை வெயிலா நாயா என்று கேட்டால் நான் நாய் என்றுதான் சொல்லுவேன். கல்லை ஈர்க்குக் குச்சியால் எடுத்துவிடலாம், அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம், அடி உயரமாகவும் மென்மையாகவும் இருப்பதால் உருள்கிற கல்லில் மிதித்தவுடன் கணுக்கால் ஒரு பக்கம் சாய்கிறது. இளம் ஆட்கள் சமாளிப்பார்கள், அறுபது வயதுக்காரருக்குச் சுளுக்குத்தான். உடைமுள் இந்த நுரைக்குள் நேரே ஏறும். வீட்டுக்கு வந்ததும் அடியைத் தடவிப் பார்க்காவிட்டால் அடுத்த நாள் பாதத்தில் தெரியும். அதனால் நான் ஒழுங்கை முடியும் வரை பழைய செருப்போடு போய், தார் ஏறுகிற இடத்தில் உள்ள தெரிந்த கடையில் செருப்பை வைத்துவிட்டுச் சப்பாத்தை மாட்டுகிறேன். கடைக்கார அண்ணைக்கு இது பழகிவிட்டது.

ஒழுங்கை வளைவைக் குறுக்காலே வெட்டிப் பற்றைக்குள்ளால் போகலாமே என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். மீள்குடியேறிய காலத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்கு நடுவே நடந்து பழகியவர்கள் நாங்கள், மிதிபட்ட பாதையை விட்டு இறங்க மாட்டோம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை எத்தனையோ வருடம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கிரவலைச் சகிப்பதுதான் வழி.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணை இருக்கிறார், முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். என்னைப் பார்த்து அவரும் இதே சோடியை வாங்கினார், அவர் சொன்னதைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் இந்த மண்ணில் அது ஒருவர் இருவருக்கான விஷயம் இல்லை. செயற்கைப் பாதத்தை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கு அளந்துதான் பொருத்துகிறார்கள். குதி அதைவிட உயரமான சப்பாத்தைப் போட்டால் உடம்பு முன்னால் தள்ளும், குதி தாழ்ந்ததைப் போட்டால் முழங்கால் பின்னால் இழுபடும். இந்தச் சப்பாத்தில் குதிப் பக்கம் முன்பக்கத்தை விட நன்றாகவே உயரம், அவருக்கு முதல் நாளே இடுப்பு நொந்துவிட்டது. பிறகு கால் செய்து கொடுத்த நிலையத்துக்கே சப்பாத்தையும் கொண்டுபோய்க் காட்டி, அதற்கு ஏற்றபடி திருத்தி எடுத்தார். இப்போது நன்றாக நடக்கிறார், ஆனால் இனி வேறு சப்பாத்து மாற்றினால் திரும்பவும் போக வேண்டும். செயற்கைப் பாதம் மடியாது, அதனால் சப்பாத்துக்குள் இறங்காது, கயிற்றை முழுவதும் தளர்த்தி, பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டுப் பையை உருவி எடுப்பாராம். வாங்கப் போகிறவர்கள் கயிறு நன்றாக அகலத் திறக்கிற சோடியாகப் பாருங்கள், கயிறே இல்லாமல் இழுத்துப் போடுகிற ரகம் இவர்களுக்குச் சரிவராது. கடையில் குதி உயரம் கேட்டால் யாருக்கும் தெரியாது, நீங்களே அளவுகோல் கொண்டுபோங்கள்.

வெக்கையைப் பற்றி. வலைத்துணி காற்று விடுகிறது, உண்மை. ஆனால் பருத்திச் சொக்ஸ் போட்டால் வேர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், ஈரத்தோல் உரஞ்சிக் கொப்புளம் போடும். பருத்தியும் நைலோனும் கலந்த மெல்லிய சொக்ஸ் நல்லது, கிளிநொச்சியில் நடைபாதைக் கடையிலேயே கிடைக்கிறது. சப்பாத்தை நேர் வெயிலில் காயப் போடாதீர்கள், ஒட்டுப் பசை இளகிவிடும், விறாந்தையில் நிழலில் வையுங்கள். விறாந்தையில் வைத்தால் போடுவதற்கு முதல் கவிழ்த்துத் தட்டுங்கள். தேள், மட்டத்தேள், சின்னத் தவளை, எல்லாம் உள்ளே குடியிருக்கும்.

மாரியில் என்ன நடந்தது என்றால், ஐப்பசி கடைசியில் ஒரு மழையில் நனைந்ததோடு வலது காலின் முன்பக்கம் வாய் திறந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனேன், "மழைக்குப் போட்டீங்களா அக்கா?" என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார்கள். மழைக்குப் போடக்கூடாத சப்பாத்தை வன்னியில் விற்கிறபோது அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உத்தரவாதம் ஒன்றும் கிடையாது. கடைசியில் ரோட்டோரம் இருந்து சப்பாத்துத் தைக்கிற ஐயா ஒருவர் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுற்றிவர நைலோன் நூலால் தைத்துத் தந்தார், 400 ரூபாய். அதன் பிறகு அந்தக் காலில் ஒரு பிரச்சினையும் இல்லை. "மற்றதையும் தைப்பமா?" என்றார், தைத்தேன். என் ஆலோசனை, புதிதாக வாங்கின அன்றே நேரே அவரிடம் கொண்டுபோங்கள், 4,800 என்பதை 5,600 என்று கணக்கில் வையுங்கள்.

வெள்ளம் நிற்கிற நாளில் எந்தச் சப்பாத்தோடும் எந்தச் செருப்போடும் நடைக்குப் போக வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரால்தான் வருகிறது, காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். அந்த நாட்களில் பள்ளிக்கூட விறாந்தையில் மேலும் கீழுமாக நடக்கிறேன், பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நுரை அடியின் ஆயுளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படியான சப்பாத்துகள் 500 முதல் 800 கிலோமீற்றர் வரை உழைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்குப் பிறகு வெளியே பார்க்க நல்லாக இருந்தாலும் உள்ளே நுரை செத்துவிடும். என்னுடையதில் குதிப்பக்க நுரை இப்போதே பழைய தோசை மாதிரி அமந்துவிட்டது. உள்ளே இருக்கிற மெத்தையை மாற்றலாம், ஆனால் அடி போனால் போனதுதான்.

மகள் என் போனில் அடி எண்ணுகிற அப் ஒன்றைப் போட்டுவிட்டா. ஆசிரியர் அறையில் இப்போது எல்லோருக்கும் 10,000 அடி என்ற பைத்தியம். அந்த 10,000 வைத்தியர்கள் அளந்து சொன்ன எண் இல்லை, 1965இல் ஜப்பானில் ஒரு கொம்பனி அடி எண்ணும் கருவியை விற்கப் போட்ட எண். அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்துச் செய்த, 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு வீதம் குறைந்திருந்தது, 7,500க்கு மேலே போனவர்களுக்கு மேலதிக நன்மை பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் கிரவல் ரோட்டில் மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து போனாலும் போன் அதையும் அடி என்று எண்ணுகிறது, அப்படி 10,000 எடுத்த ஒரு சேர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்.

மோட்டார்சைக்கிள் என்றதும் இன்னொன்று. லீசிங்கில் வீட்டுக்கு ஒன்று வந்த பிறகு சந்திக்குப் பாண் வாங்கவும் அதில்தான். ரோட்டால் ஒரு பெண் சும்மா நடந்து போனால் ஊருக்குப் பொறுக்காது. "எங்க ரீச்சர் வெளிக்கிட்டியள், ஏறுங்கோ இறக்கி விடுறன்" என்று பழைய மாணவர்கள் நிறுத்திக்கொண்டே இருந்தார்கள், மறுத்தால் மனம் நோகும். சப்பாத்துப் போடத் தொடங்கிய பிறகு நிறுத்துவது குறைந்துவிட்டது. செருப்போடு போனால் பஸ் தவறவிட்ட ரீச்சர், சப்பாத்தோடு போனால் நடக்கிற ரீச்சர். இந்த ஒன்றுக்காகவே அரைவாசிக் காசு சரி என்பேன். முறிகண்டிப் பக்கம் நடக்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் ஒரு பை வாங்கிக் கொறித்தபடி திரும்புவார்கள், அவர்களோடு சேர்ந்தால் சீனி குறையலாம், நிறை குறையாது.

யார் வாங்கலாம்? தார் ரோட்டுக்குக் கிட்ட வீடு, குளக்கட்டு, பள்ளிக்கூட மைதானம், இப்படி நடக்க இடம் உள்ளவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். பாதம் மரத்த சீனி வருத்தக்காரர் இதை விட்டு, அடி இன்னும் கெட்டியான, உள்ளே தையல் பிசிறு இல்லாத சப்பாத்தாகத் தேட வேண்டும், அதற்குக் காசு கூடத்தான் போகும். கிரவல்காரர் என்னைப் போலச் செருப்பை வைக்க ஒரு கடை பிடியுங்கள். பெண்களுக்கு 36க்குக் கீழே சைஸ் இல்லை. சின்னக் கால் உள்ளவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து வரிசையில் கேளுங்கள், கறுப்புத் துண்டு ஒட்டிய இதே அடியோடு வெள்ளை நிறத்தில் ஒன்று 3,900க்கு இருந்தது, பட்டி மட்டும் அதில் இல்லை.